பெருமாள் முதுகில் ஒரு பிறை

அத்தியாயம் 7

கயல்விழிக்குக் கோபம் வந்தால் முதலில் அடி வாங்குவது கார் கதவுதான். பரங்கிப்பேட்டைக் கடற்கரைத் தெருவில் அந்தப் பழைய ஆல்ட்டோவின் கதவை அவள் சாத்திய சாத்தலில், மீன் கூடைமேல் உட்கார்ந்திருந்த இரண்டு காக்கைகள் எழுந்து பறந்தன.

"மேடம், காலைலேருந்து இது ஏழாவது தடவ. இன்னும் ரெண்டு தடவ சாத்துனீங்கன்னா, கதவ கையில புடிச்சிக்கிட்டுத்தான் முதுநகர் போய்ச் சேரணும்" என்றான் ஜெயப்பிரகாஷ். முதுநகர் ரயிலடிக்கு எதிரே அவள் நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருபவர் எல்லாம் அவன் ஒருவனே. ஊருக்கு அவன் ஜேபி.

"மணி என்னா?"

"ஒண்ணே கால்."

"மூணு நாளா விசாரணைன்னு வச்சிருந்துட்டு, இன்னிக்கி அஞ்சு மணிக்கு அஷ்பாக்க மாஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்திடுவாங்க. உன் ஜோக்கெல்லாம் அதுக்கப்புறம் வச்சிக்க."

ஜேபியின் சிரிப்பு நின்றது. அஷ்பாக் அவனோடு சிதம்பரத்துக் காலேஜில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். மச்சான் என்றால் அவனுக்கு அஷ்பாக்தான். அடுத்த வெள்ளிக்கிழமை ஷார்ஜாவுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தவனின் பாஸ்போர்ட், இப்போது இன்ஸ்பெக்டர் சுப்புராயனின் மேஜை டிராயரில் கிடந்தது.

நடந்தது இதுதான். குமராட்சிக்குத் தெற்கே கொள்ளிடக் கரையில் ஓடத்துறைமேடு என்று ஓர் ஊர். அங்கே கரையேறிய பெருமாள் கோயில். அதன் ஐம்பொன் உற்சவர் வருஷம் முழுக்கச் சிதம்பரத்தில் சிலைப் பாதுகாப்பு அறையில் பூட்டுக்குள் இருப்பார். மாசி மகத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மட்டும் ஊருக்கு வருவார். மறுநாள் விடிந்ததும் டிராக்டரில் ஏறிப் பரங்கிப்பேட்டைக் கடலுக்குப் போய்த் தீர்த்தவாரி முடித்து, மறுபடியும் பூட்டுக்குள் போய்விடுவார். இந்த வருஷம் அவர் திரும்பிப் போனபோது, புதிதாக வந்திருந்த அதிகாரி ஒருவர் பேருக்குப் பதிவேட்டைப் புரட்டாமல் தராசைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். நாலு கிலோ குறைந்தது. போனவர் பெருமாள், வந்தவர் வேறு யாரோ.

அன்று சாயங்காலமே அஷ்பாக்கைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். திருட்டு நடந்தால் ஆளைத் தேடுவார்கள். இங்கே ஆளை முதலில் பிடித்துவிட்டு, அவன் அளவுக்குத் திருட்டைத் தைத்திருந்தார்கள். வாட்ஸ்அப்பில் அவன் போட்டோவுக்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருந்ததைக் கயல்விழி காலையில் படித்தாள். அதிலிருந்துதான் கார் கதவுக்குக் கெட்ட காலம் ஆரம்பித்தது.

அஷ்பாக்கின் தகப்பனார் அப்துல் மஜீத், கடலைப் பார்த்த படகுக் கொட்டகையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் ஆபரேஷன் கட்டு. எதிரே உப்பு ஏறிய ஒரு மர மேடை. மாசி மகத்தன்று பெருமாள் இளைப்பாறும் இடம் அதுதான்.

"பாய், போலீஸ் சொல்றத நான் சொல்றேன். தப்பா இருந்தா நிறுத்துங்க" என்று நின்றபடியே ஆரம்பித்தாள் கயல்விழி. "இந்த மேடையில பெருமாள் கால் மணி நேரம் இருப்பாரு. சுத்தியும் திரை போட்டுடுவாங்க. திரைக்குள்ள உங்க குடும்பத்து ஆள் ஒருத்தர் மட்டும்தான். வழக்கமா நீங்க. இந்த வருஷம் கால் சரியில்லன்னு மொத தடவையா அஷ்பாக். அந்தக் கால் மணி நேரத்துல பின்பக்கமா சிலைய மாத்திட்டான். சரியா?"

"அப்பிடித்தாம்மா சொல்றாங்க."

"திரைக்குள்ள என்னா செய்வீங்க?"

பெரியவர் கடலைப் பார்த்தார். ஜேபி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை உருவினான். ஓடத்துறைமேடு ஸ்தல வரலாறு, விலை இருபது ரூபாய், எழுதியவர் விழாக் கமிட்டித் தலைவர் தேவநாதன்.

"இதுல இருக்குது மேடம். அந்தக் காலத்துல கொள்ளிடத்துல பெருவெள்ளம். கோயில் போயிடுச்சி, பெருமாளும் போயிட்டாரு. வெள்ளம் வடியுறப்ப இவுங்க முப்பாட்டனார் செய்யது மரைக்காயர் ஓடம் தள்ளிக்கிட்டு வர்றாரு. ஊன்றுகோல தண்ணியில குத்துறாரு, ணங்குன்னு சத்தம். தண்ணி செவக்குது. குதிச்சித் தூக்குனா பெருமாள். இடது தோளுக்குப் பின்னால கோல் குத்துன காயம். அன்னியிலேருந்து வருஷா வருஷம் அந்தக் குடும்பம் வந்து காயத்துக்குச் சந்தனம் வைக்கணும்னு ஏற்பாடு. விடிகாலைல கோயில்ல ஊரே பாக்க, பட்டுக்குப் பின்னால கைய விட்டுச் சந்தனம் அப்பணும். கமிட்டித் தலைவர் அதுமேல குங்குமம் வச்சி கட்ட விரலால ஒரு அழுத்து அழுத்துவாரு. இங்க வந்ததும் திரைக்குள்ள சந்தனத்த உரிச்சி எடுக்கணும். சாமி காயத்த ஊர் பாக்கக் கூடாதாம்."

"அந்தப் பக்கத்துல அது என்னா படம்?"

"தழும்போட படம் மேடம். பிறை மாதிரி போட்டிருக்காரு. ஊன்றுகோல் உருண்டைதானே? குத்துனா பிறையாவா வரும்? ஓடக்காரர் துலுக்கருன்னு தலைவரு தாராள மனசோட ஒரு பிறை குடுத்துட்டாரு போலிருக்குது."

மஜீத் சட்டென்று திரும்பி அவனைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

கயல்விழிக்கு அந்த மௌனம் எரிச்சலைக் கிளப்பியது. "பாய், பெத்த புள்ள உள்ள உக்காந்திருக்கான். அவன ஏற்கெனவே ஊர் தூக்குல போட்டாச்சி. நீங்க கடல எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. எதயோ மறைக்கிறீங்க. யாரக் காப்பாத்த?"

"உங்களுக்குப் புரியாதும்மா."

"புரிய வைங்க!"

அவள் குரலுக்குப் பக்கத்துக் கொட்டகைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுப் பக்கமிருந்து மஜீத்தின் மனைவி ஜொஹரா பீவி வந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. கையில் ஒரு நீல நிற பிஸ்கட் டின். மஜீத் "வேணாம் ஜொஹரா" என்றார்.

"நீங்க பேசாதீங்க" என்றார் அவர் முதன்முறையாகப் புருஷனிடம் அப்படிப் பேசுகிறவர் போல. "எம்மா, போலீஸ்காரவுங்க வீட்டயே கவுத்துப் போட்டாங்க. இத மட்டும் பிஸ்கட்டுன்னு விட்டுட்டாங்க. இதுல என்னா இருக்குன்னு எனக்கே இவுரு காட்டுனதில்ல."

மூடியைத் திறந்தவன் ஜேபி. உள்ளே உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் வில்லைகள் அடுக்கி இருந்தன. "நெசமாவே பிஸ்கட்டுதான் மேடம். கொஞ்சம் பழசு." வாய்க்கருகே கொண்டுபோனவன் மணம் தட்டியதும் நிறுத்தினான். "சந்தனம்!"

உரித்து எடுத்த சந்தனம். வருஷத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் அடியில் வருஷம் எழுதிய துணித் துண்டு வைக்கப்பட்டிருந்தது. மேலே இருந்த பத்து வில்லைகளை எடுத்து மர மேடையில் பரப்பினாள் கயல்விழி. பத்தின் மேல்பக்கத்திலும் குங்குமம், அதில் ஒரே மாதிரி ஒரு கட்டைவிரல் பதிவு. நுனி இல்லாத விரல். யாரோ பலகையால் தட்டி வைத்ததுபோல முனை தட்டையாக இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பினாள். தோளைத் தொட்டிருந்த உள்பக்கத்தை ஆள்காட்டி விரலால் மெதுவாகத் தடவினாள். ஒன்பதைத் தடவிப் பத்தாவதில், இந்த வருஷத்து வில்லையில், விரல் நின்றது. மறுபடியும் முதலிலிருந்து தடவினாள். மறுபடியும் பத்தாவதில்தான் நின்றது.

"பாய்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "இத நீங்க எப்ப பாத்தீங்க?"

"மகத்தன்னிக்குச் சாயங்காலம். அஷ்பாக் கொண்டாந்து கையில குடுத்தான்."

"அவனுக்கு விஷயத்த எப்ப சொல்றதா இருந்தீங்க?"

"எங்க வாப்பா எனக்குச் சொன்னது, படுக்கையில கெடந்து அவர் மௌத்தாகறதுக்கு மொத நாளு. அவரு வாப்பாவும் அப்பிடித்தான். வெளியில சொன்னா பெருமாளுக்கும் கெட்ட பேரு, நமக்கும் கெட்ட பேருன்னு சத்தியம் வாங்கிட்டாரும்மா."

"ஆக, மூணு நாளா தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருக்கீங்க. ஜேபி, பெரியவரத் தூக்கி கார்ல உக்கார வை."

"எங்க மேடம்?"

"சிதம்பரம்."

கதவை இந்தத் தடவை அவள் மெதுவாகச் சாத்தினாள். ஜேபிக்கு அதைப் பார்த்துத்தான் பயம் வந்தது.

போகிற வழியெல்லாம் அவன் கேட்டுப் பார்த்தான். "மேடம், கத எழுதுறவுங்ககூட டிரைவருக்குச் சொல்லிடுவாங்க."

"ரோட்டப் பாரு."

பின் ஸீட்டில் மஜீத் டின்னை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். குழந்தை போன வீட்டில் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தது அவர் முகம். கயல்விழி கண்ணாடியில் அதைப் பார்த்தாள், கோபத்தோடு கொஞ்சம் வருத்தமும் வந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஸ்டேஷனில் அவர்கள் நுழைந்தபோது மணி மூன்றரை. இன்ஸ்பெக்டர் சுப்புராயனுக்கு எதிரே, வெள்ளை வேட்டியில், நெற்றி நிறையத் திருமண்ணோடு டீ குடித்துக்கொண்டிருந்தார் ஒருவர். டீ கிளாஸைப் பிடித்திருந்த வலது கட்டைவிரலுக்கு நுனி இல்லை.

"அறுவடை மிஷின்ல போனதுங்களா?" என்று கேட்டபடியே உட்கார்ந்தாள் கயல்விழி.

"ஆமாம்மா, பதினஞ்சு வருஷமாச்சி. நீங்க?"

"உங்க வாசகி. ஸ்தல வரலாறு படிச்சேன்."

தேவநாதன் முகம் மலர்ந்தது. இன்ஸ்பெக்டர் முகம் சுருங்கியது. "கயல்விழி மேடம், இது விளையாட்டு இல்ல. மேலிடத்துலேருந்து மணிக்கொரு போன் வருது."

"அதனாலதான் சார் வந்தேன். தலைவர்கிட்ட மூணே கேள்வி. அதுக்கப்புறமும் அஷ்பாக்தான் திருடன்னு தோணுச்சின்னா, நானே மாஜிஸ்ட்ரேட் வாசல் வரைக்கும் கூட வர்றேன்."

அவர் கையை விரித்தார், கேட்டுத் தொலை என்கிற மாதிரி.

"மொத நாள் சாயங்காலம் பெருமாள் கோயிலுக்கு வந்தாரு. ராத்திரி சாவி யாருகிட்ட?"

"எங்கிட்ட. என் இடுப்ப விட்டு எறங்கல. ஈ காக்கா உள்ள போகல. ஸ்டேட்மெண்ட்லயே எழுதிக் குடுத்திருக்கேன். கோயில்ல எந்தத் தப்பும் நடக்கலம்மா, நடந்ததெல்லாம் அந்தக் கொட்டகையிலதான்."

"காலைல அஷ்பாக் எத்தன மணிக்கு வந்தான்?"

"ஆறு மணிக்கு. வந்து ஊர் சனத்துக்கு முன்னாடி சந்தனம் அப்புனான். நான் குங்குமம் வச்சி அழுத்துனேன். வண்டி கெளம்பிடுச்சி."

"கடைசிக் கேள்வி. அந்தத் தழும்ப நீங்க பாத்திருக்கீங்களா?"

"என்னாம்மா கேக்குறீங்க! பத்து வருஷமா தலைவரா இருக்கேன். பழைய பட்டர் உசுரோட இருந்தப்ப எத்தன தடவ கண்ணால பாத்திருப்பேன்! இடது தோளுக்குப் பின்னால பிறையாட்டம். பாக்குறப்பல்லாம் கண்ணுல தண்ணி வந்துடும்."

"சார், எழுதிக்கிட்டீங்களா?" என்றாள் கயல்விழி இன்ஸ்பெக்டரிடம். "இப்ப அந்தப் போலிச் சிலைய கொண்டாரச் சொல்லுங்க."

கான்ஸ்டபிள் இரண்டு பேர் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தார்கள். இடது தோளின் பின்புறம், புத்தகத்தில் போட்டிருந்தபடியே, அச்சாக ஒரு பிறைப் பள்ளம். கயல்விழி இந்த வருஷத்துச் சந்தன வில்லையை எடுத்தாள். உள்பக்கத்தில் புடைத்திருந்த பிறையைப் பள்ளத்துக்கு நேராக வைத்தாள். டிபன் கேரியருக்கு மூடி போட்டதுபோல் பொருந்தி உட்கார்ந்தது.

"மேல யாரு விரல் சார் அது?"

சுப்புராயன் குனிந்து பார்த்தார். நுனியில்லாத தட்டை விரல். நிமிர்ந்து டீ கிளாஸைப் பார்த்தார்.

"காலைல ஆறு மணிக்கு இவுரு அழுத்துன விரல். அப்பவே உள்ள இருந்தது இந்தப் போலி. அஷ்பாக் கொட்டகைக்கு வர்றதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி, ஈ காக்கா நுழையாத கோயில்ல, சாவி இவுரு இடுப்புல இருந்தப்ப."

"நில்லும்மா" என்று எழுந்தார் தேவநாதன். "நெசப் பெருமாளுக்கும் அதே தழும்புதான் இருக்கு. அப்ப சந்தனமும் அப்பிடித்தான் இருக்கும். இதுல என்னா பெரிய கண்டுபிடிப்பு?"

"இதத்தான் எதிர்பாத்தேன்." கயல்விழி டின்னைத் திறந்தாள். ஒன்பது வில்லைகள் மேஜைமேல் வரிசையாக வந்தன. "போன ஒம்பது வருஷத்துச் சந்தனம். ஒவ்வொண்ணு மேலயும் உங்க அதே விரல். திருப்பிப் பாருங்க சார். தடவிப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகத் தடவினார். ஒன்பதும் வழுவழுப்பு. ஒன்றை எடுத்துச் சிலையின் தோளில் வைத்தார். அது பள்ளத்தின்மேல் ஒட்டாமல் ஆடியது.

"தழும்பே இல்லியா?" என்றார் நம்பாமல். "பதிவேட்டுல பாத்தா..."

"பதிவேட்டுல முன்பக்க போட்டோதான் சார் இருக்குது. பின்னால யாரு பாத்தா? பழைய பட்டர் பாத்தாரு, போன ஐப்பசியில செத்துட்டாரு. புதுசா வந்தவரு நெசப் பெருமாளப் பாத்ததே இல்ல. மிச்சம் இருக்குறது பாயோட விரல் ஒண்ணுதான். கள்ளச் சிலை செய்யச் சொன்னவரு அந்த விரலுக்குப் பயந்தாரு. தடவுறப்ப தழும்பு இல்லன்னா மாட்டிக்குவோமேன்னு தன் புத்தகத்துல தானே போட்ட பிறைய அப்பிடியே வெட்டச் சொல்லிட்டாரு. அன்னிக்கு ராத்திரி நெசச் சிலை கையில வந்தப்ப பின்பக்கம் பாத்திருந்தாக்கூட, அதுக்குள்ள இத மாத்த முடியாது. இல்லாத காயத்த வெட்டி வச்சி மாட்டுன மொத திருடன் நீங்கதான் தலைவரே. இத்தனைக்கும் பத்து வருஷமா கண்ணால பாத்து அழுதிருக்கீங்க!"

கடைசி வார்த்தைகளை அவள் கத்தியே விட்டாள். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் உள்ளே எட்டிப் பார்த்தார். மூன்று நாளாக அஷ்பாக் பட்டதும், அந்த வாட்ஸ்அப் அசிங்கங்களும், எல்லாம் அந்தக் குரலில் இருந்தன.

தேவநாதனின் வாய் அப்போதும் அடங்கவில்லை. மஜீத்தின் பக்கம் விரலை நீட்டினார். "அப்ப இவன் குடும்பம்தான்யா பித்தலாட்டம்! இல்லாத காயத்துக்குப் பரம்பரையா சந்தனம் வச்சி ஊர ஏமாத்தியிருக்கான். இவன் பேச்ச நம்புறீங்களா?"

மஜீத் ஜேபியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஏமாத்தலைங்க" என்றார். "எங்க முப்பாட்டனாரு கோலால குத்துனது நெசம். ஐம்பொன்னு, ஒரு கீறல்கூட விழல. ஊர் சனம் நெருப்பா நிக்குது, சாமி மேல கோல் பட்டுடுச்சின்னு. அன்னிக்கிருந்த பட்டர்தான் சொன்னாராம், மரைக்காயரே, சந்தனம் வைங்க, ஊர் அடங்கிடும், உங்க மனசும் அடங்கிடும்னு. அந்தப் பட்டர் வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம். இன்னிக்கி என் வாயாலயே ஒடச்சிட்டேன்."

சுப்புராயன் கையில் இன்னும் ஒரு வில்லை இருந்தது. "காயமே இல்லன்னா, இத்தன வருஷமா எதுக்குய்யா சந்தனம்?"

பெரியவர் தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"காயத்துக்கு இல்லைங்க சார். குத்துன கைக்கு."

தேவநாதன் உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் அவருடைய டீ கிளாஸை எடுத்துத் தள்ளி வைத்தார். அதற்கப்புறம் தேவநாதன் உண்மையைக் கக்க அதிக நேரம் ஆகவில்லை. குமராட்சியில் தேவநாதனின் நெல் குடோனில், மூட்டைகளுக்கு நடுவே இருக்கிறார் பெருமாள். திங்கட்கிழமை வெளியூரிலிருந்து ஆள் வருவதாக ஏற்பாடு. ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

"நெல்லுக்கு நடுவுலதானே? ஈரத்துல வைக்காம பத்தரமாத்தான் வச்சிருக்காரு" என்றான் ஜேபி. யாரும் சிரிக்காததால் அவனும் சிரிக்கவில்லை.

"ஃபார்மாலிட்டி கொஞ்சம் இருக்குது மேடம்" என்று ஆரம்பித்தார் சுப்புராயன். "நாளைக்குக் காலைல..."

"சார்." கயல்விழி மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றினாள். "புடிக்கிறப்ப ஃபார்மாலிட்டி பாத்தீங்களா? அவன் போட்டோ ஊரெல்லாம் சுத்துச்சே, அது எந்த ஃபார்மாலிட்டி? சாவிய எடுங்க. பாஸ்போர்ட்டயும் எடுங்க. நீங்களே போய்த் தொறக்கணும், கான்ஸ்டபிள அனுப்பக் கூடாது."

அவர் டிராயரைத் திறந்தார்.

அஷ்பாக் கண் கூச வெளியே வந்தான். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. ஜேபி "மச்சான்" என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். அஷ்பாக் தகப்பனாரிடம்தான் போனான்.

"வாப்பா, நான் ஒண்ணுமே செய்யல. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான் வச்சேன். காயம் ஆழமா இருந்துச்சி, பாவமேன்னு சந்தனத்த ஜாஸ்தியா வச்சேன்."

மஜீத் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். மூன்று நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. நடுவிலேயே அதை அடக்கிக்கொண்டு, கண்டிப்பாகச் சொல்கிற குரலில் சொன்னார்.

"எங்க இருந்தாலும் மாசி மகத்துக்கு லீவு போட்டுட்டு வந்துடணும். அடுத்த வருஷம் தடவுறப்ப வழுவழுன்னு இருக்கும். அப்பவும் வைக்கணும்."